5800எக்ஸ் மாட்டியதிலிருந்து 90 டிகிரி, கூலர் மாற்றியும் இறங்கவில்லை

தக்கலை_எடிட்டர் · ஏப்ரல் 24, இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். கல்யாண வீடியோ எடிட் செய்வதுதான் எனக்குத் தொழில். ஈஸ்டர் கழிந்துவிட்டால் எங்கள் பக்கம் மண்டபம் கிடைக்காது, அவ்வளவு கல்யாணம். இப்போது ஆறு வீட்டு வேலை கையில் கிடக்கிறது. கணினியின் பழைய ரைசன் 5 3600 பிராசஸர் இழுக்கத் திணறியதால் போன வாரம் ரைசன் 7 5800எக்ஸ் வாங்கினேன். மதர்போர்டு அதே பி450. யூபிஎஸ்ஸில் போட்டு பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துவிட்டுத்தான் சிப்பை மாற்றினேன். அதுவரை ஒரு குறையும் இல்லை.

இந்த சிப்புக்குப் பெட்டியில் ஃபேன் வராது என்பது பிரித்த பிறகுதான் தெரிந்தது. 3600-உடன் வந்த ரைத் ஸ்டெல்த் கூலரையே திரும்ப மாட்டினேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, 90 டிகிரி. சின்னக் கூலர், தாங்காதுதான் என்று நாகர்கோவிலில் ஒரு கடைக்கு முழுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய், நாலு ஹீட்பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்) உள்ள 120 மில்லிமீட்டர் டவர் கூலர் வாங்கினேன். அவர்களே மாட்டித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து வீடியோ எக்ஸ்போர்ட் போட்டால் மறுபடியும் 90. சும்மா இருக்கும்போது 55. பிரவுசரைத் திறந்தாலே 70-க்குத் தாவுகிறது.

ராத்திரி எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் படுத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. ஃபேன் இரைச்சல் அடுத்த ரூம் வரை கேட்கிறது. சிப் பழுதா, கூலர் பழுதா, இல்லை என் ரூம்தான் காரணமா? ரூம் மாடியில் இருக்கிறது, மேலே தகரக் கூரை.

கோட்டாறு_கேமர் · ஏப்ரல் 24, இரவு 11.05

பயப்பட வேண்டாம். 5800எக்ஸுக்கு ஏஎம்டி சொல்லும் உச்ச வரம்பே 90 டிகிரிதான். அதைத் தொட்டதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்து போகாது. இந்த சிப் சூடானது என்பது ஊரறிந்த விஷயம். காசு இருந்தால் 240 மில்லிமீட்டர் தண்ணீர் கூலர் போடுங்கள், முடிந்தது.

வடசேரி_சர்வீஸ் · ஏப்ரல் 25, காலை 6.50

தம்பி, அவசரப்பட்டு இன்னொரு கூலர் வாங்க வேண்டாம். டிகிரியை மட்டும் சொன்னால் யாராலும் காரணம் சொல்ல முடியாது. 90 என்பது வரம்பு, எந்தக் கோளாறாக இருந்தாலும் சிப் அங்கே வந்து நின்றுவிடும். ஜுரம் 103 என்று மட்டும் சொன்னால் டாக்டர் என்ன செய்வார்?

சூடு, வாட் எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து, சென்சார் பக்கத்தில் 'சிபியு பிபிடி' என்ற வரியைப் பாருங்கள். சிப் அந்த நேரத்தில் எத்தனை வாட் எடுக்கிறது என்று அது காட்டும். 5800எக்ஸின் பெட்டியில் 105 வாட் என்று போட்டிருந்தாலும், முழு வேலை கொடுத்தால் 142 வாட் வரை எடுக்க அதற்கு அனுமதி உண்டு. உங்கள் பழைய 3600-க்கு அந்த உச்சம் 88. அதாவது பழைய சிப்போடு பார்த்தால் ஒன்றரை மடங்குக்கும் மேல். ரைத் ஸ்டெல்த் 65 வாட் சிப்புகளுக்குச் செய்தது, அது தோற்றதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் நாலு பைப் டவர் இப்படித் தோற்கக்கூடாது.

சிப்புக்கு முழு வேலை கொடுத்து மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். 90-ஐத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது, அப்போது வாட் எவ்வளவு, ரூமில் சூடு எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பெட்டியின் பக்கத் தகடைக் கழற்றி வைத்துவிட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டு முடிவையும் இங்கே போடுங்கள், சொல்கிறேன்.

குளச்சல்_கடற்கரை · ஏப்ரல் 25, காலை 8.15

தகடைக் கழற்றி வைத்து, எதிரே டேபிள் ஃபேனைத் திருப்பி விட்டால் பத்து டிகிரி இறங்கும். எங்கள் வீட்டில் ரெண்டு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

வடசேரி_சர்வீஸ் · ஏப்ரல் 25, காலை 8.40

சோதனைக்குக் கழற்றலாம். அப்படியே விட்டுவைக்காதீர்கள், அதுவும் கடல் காற்று வீசும் குளச்சலில். உள்ளே ஹீட்சிங்கின் (கூலரில் சூட்டை வாங்கும் உலோகப் பகுதி) அலுமினியத் தகடுகளை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லியும் எறும்பும் குடிபுகுவது வேறு. பவர் சப்ளைக்குள் பல்லி போய் ஷார்ட் ஆகி வந்த பெட்டிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

தக்கலை_எடிட்டர் · ஏப்ரல் 25, மதியம் 3.20

அண்ணே, செய்து பார்த்தேன். ரூம் 33 டிகிரி (கடிகாரத்தோடு வரும் சின்னத் தெர்மாமீட்டர்). தகடு மூடியிருக்கும்போது எட்டே நொடியில் 90. வாட் முதலில் 130 பக்கம் தாவி, உடனே இறங்கி 108-இல் நிற்கிறது. வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ். மதிப்பெண் 13,300. தகடைக் கழற்றினால் பத்து நொடி, வாட் 111. வேறு மாற்றம் ஒன்றும் இல்லை.

வடசேரி_சர்வீஸ் · ஏப்ரல் 25, மதியம் 3.55

பாதி விடை கிடைத்துவிட்டது.

காற்றோட்டம் சரியில்லாத பெட்டியில் சூடு மெதுவாக ஏறும். முதல் ஒரு நிமிடம் 75, மூன்றாவது நிமிடம் 82, ஏழாவது நிமிடம் 88 என்று போகும். உள்ளே இருக்கும் காற்றும் ஹீட்சிங்கும் சூடாக நேரம் பிடிக்கும் இல்லையா? உங்களுடையது எட்டு நொடியில் 90. முக்கால் கிலோ உலோகம் எட்டு நொடியில் சூடாகாது. சிப்பின் சூடு ஹீட்சிங்குக்கே போய்ச் சேரவில்லை. தகடைக் கழற்றியும் மாற்றம் இல்லை என்பது அதைத்தான் உறுதிப்படுத்துகிறது. 142 வாட் எடுக்க வேண்டிய சிப் 108-இல் மூச்சுத் திணறி நிற்கிறது.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். சினிபெஞ்ச் ஓடும்போதே ஹீட்பைப்பை, அது அடித்தட்டிலிருந்து மேலே வளையும் இடத்தில், விரலால் தொட்டுப் பாருங்கள். ஃபேன் இறக்கையில் விரல் படாமல் கவனம். சிப் 90 காட்டும்போது பைப் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், கூலர் சிப்பின் மேல் சரியாக உட்காரவில்லை.

தக்கலை_எடிட்டர் · ஏப்ரல் 25, மாலை 4.10

வெதுவெதுப்புத்தான் அண்ணே. டீ டம்ளர் ஆறிப்போன மாதிரி. நாலு பைப்பில் போர்டின் மேல் பக்கம் உள்ள இரண்டு கொஞ்சம் சூடு, கீழ் இரண்டும் ரூம் சூடுதான்.

வடசேரி_சர்வீஸ் · ஏப்ரல் 25, மாலை 4.25

கழற்ற வேண்டியதுதான். ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொண்டு கழற்றுங்கள். உங்கள் போர்டில் சிப் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் சிப்பை மேலிருந்து பிடித்துவைக்கப் பூட்டு எதுவும் கிடையாது. பக்கத்தில் உள்ள நெம்புகோல் பின்களை இறுக்கிப் பிடிப்பதோடு சரி. சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட் காய்ந்திருந்து, கூலரை நேராக மேலே இழுத்தால் சிப்பும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். 1331 பின். ஒன்று வளைந்தால் அன்றைய பொழுது போயிற்று. ஆகவே முதலில் பத்து நிமிடம் வேலை கொடுத்து பேஸ்ட்டை இளக விடுங்கள், பிறகு மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூ எல்லாம் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். வழுக்கிக்கொண்டு விலகும். அப்புறம் தூக்குங்கள்.

அருமனை_ரப்பர் · ஏப்ரல் 25, மாலை 5.00

அண்ணன் சொல்வதை அப்படியே கேளுங்கள். நான் இழுத்தே எடுத்துவிட்டேன், மூன்று வருடம் முன்பு. ரைசன் 2600 கூலரின் அடியில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. ஓரத்தில் ஐந்து பின் சாய்ந்துவிட்டது. மகளின் மைக்ரோடிப் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்தக் குழாயைப் பின்னில் செருகி ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். ஒரு மணி நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிப் பிழைத்தது, இன்றும் ஓடுகிறது.

தக்கலை_எடிட்டர் · ஏப்ரல் 25, இரவு 9.30

கழற்றிவிட்டேன். சிப் சாக்கெட்டிலேயே இருக்கிறது, நன்றி அண்ணே.

கண்டதை அப்படியே சொல்கிறேன். சிப்பின் மூடியில் மேல் பாதியில் பேஸ்ட் நன்றாகப் பரவி, மெல்லிய சாம்பல் படலமாக இருக்கிறது. பைப்களின் கோடுகூட அதில் பதிந்திருக்கிறது. நடுவிலிருந்து கீழே வர வர தடித்துக்கொண்டே போய், கீழ் ஓரத்தில் பேஸ்ட் வைத்த புள்ளி வைத்தபடியே, உருண்டையாக, தலை மட்டும் லேசாகத் தட்டையாகி நிற்கிறது. கூலர் அதை அழுத்தவே இல்லை. ஸ்க்ரூவைத் தளர்த்தும்போதே புரிந்துவிட்டது. மேல் ஸ்ப்ரிங் ஸ்க்ரூ கடைசி வரை இறுகியிருந்தது. கீழ் ஸ்க்ரூ இரண்டு சுற்றிலேயே கையோடு வந்துவிட்டது.

இன்னொன்றும் பார்த்தேன். கூலரின் ஃபேன் பெட்டியின் முன்பக்கம் பார்த்து ஊதுகிறது. முன்னால் உள்ள ஃபேன் உள்ளே தள்ளும் காற்றும் இதுவும் நேருக்கு நேர் மோதுகின்றன.

வடசேரி_சர்வீஸ் · ஏப்ரல் 25, இரவு 10.05

மக்கா, அந்த உருண்டைதான் எல்லாவற்றுக்கும் சாட்சி. அவசரத்தில் ஒரு பக்கத்தை முழுக்க முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கூலர் சரிந்து நிற்கும், எதிர் ஸ்க்ரூ மரையில் ஏற மறுக்கும், இறுகிவிட்ட மாதிரியும் தோன்றும். கல்யாண சீசனில் உங்களுக்கு அவசரம் என்றால் கடையில் அவர்களுக்கும் அவசரம் இருந்திருக்கும். ஆனாலும் மாட்டிய பிறகு ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டியிருக்க வேண்டும். அடுத்த முறை எங்கே போனாலும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த சிப்பில் இது ஏன் இவ்வளவு பெரிய தண்டனை ஆகிறது என்றும் சொல்கிறேன். வெளியே தெரியும் பெரிய உலோக மூடி முழுவதும் சூடு இல்லை. உள்ளே எட்டு கோரும் ஒரே ஒரு சிலிக்கான் துண்டில் இருக்கின்றன, பரப்பு சுமார் 80 சதுர மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகம் அளவு. அதுவும் மூடிக்கு நேர் நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கிறது. 142 வாட்டில் பெரும்பங்கு அந்த நக அளவு இடத்திலிருந்துதான் வெளியேற வேண்டும். அங்கே பேஸ்ட் தடித்துப்போனால் எந்தக் கூலரும் உதவாது. கோட்டாறு தம்பி சொன்ன தண்ணீர் கூலரை இதே மாதிரி சாய்த்து மாட்டியிருந்தால் அதுவும் 90 காட்டியிருக்கும்.

பழைய பேஸ்ட்டைத் துடைக்க மொபைல் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நல்லது. பழைய வேட்டித் துணியே போதும், நூல் பிரியாததாக இருக்கட்டும். டிவி மெக்கானிக்குகள் டிரான்சிஸ்டருக்குப் போடும் வெள்ளை பேஸ்ட் வேண்டாம், நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் காய்ந்து பொடியாகும். நடுவில் ஒரு புள்ளி, நாலு மூலைக்கும் சின்னதாக ஒவ்வொன்று வையுங்கள். ஸ்க்ரூவை இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாறி மாறி, இரண்டும் நிற்கும் வரை. ஃபேனில் தாங்கு கம்பிகளும் ஸ்டிக்கரும் தெரியும் முகத்தின் வழியாகத்தான் காற்று வெளியேறும். அந்த முகம் ஹீட்சிங்கைப் பார்த்து, பெட்டியின் பின்பக்கமாக ஊத வேண்டும்.

தக்கலை_எடிட்டர் · ஏப்ரல் 26, காலை 11.15

மாட்டி முடித்தேன். ரூம் இன்றும் 33. பத்து நிமிட சினிபெஞ்சில் 86 டிகிரி. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து செய்ததற்கு நாலே டிகிரிதானா அண்ணே? கொஞ்சம் மனம் விட்டுப் போயிற்று.

வடசேரி_சர்வீஸ் · ஏப்ரல் 26, காலை 11.25

வாட் எவ்வளவு? மதிப்பெண் எவ்வளவு? எத்தனை நொடியில் 86?

தக்கலை_எடிட்டர் · ஏப்ரல் 26, காலை 11.40

வாட் 142. அதைத் தாண்டவே இல்லை, அங்கேயே நிற்கிறது. மதிப்பெண் 15,100. வேகம் 4.45. முதல் நிமிடம் 79, நாலு நிமிடத்துக்குப் பிறகுதான் 86 வந்தது.

எழுதும்போதே எனக்குப் புரிகிறது. நேற்று 108 வாட்டுக்கு 90, இன்று 142 வாட்டுக்கு 86.

வடசேரி_சர்வீஸ் · ஏப்ரல் 26, காலை 11.50

அதுதான். 34 வாட் கூடுதலாகத் தின்றுவிட்டு நாலு டிகிரி குறைவு. நேற்று சிப்பை நிறுத்தியது சூடு, இன்று நிறுத்துவது 142 என்ற அதன் சொந்த வரம்பு. பைப்பை இப்போது தொட்டால் கையை வைத்திருக்க முடியாது, அப்படித்தான் இருக்க வேண்டும். டிகிரியை மட்டும் பார்த்திருந்தால் சரியாகச் செய்த வேலையைச் சரியில்லை என்று நினைத்து மறுபடியும் கழற்றியிருப்பீர்கள்.

கோட்டாறு_கேமர் · ஏப்ரல் 26, மதியம் 12.30

தண்ணீர் கூலர் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், முதலில் பார்க்க வேண்டியது அது இல்லை. ஆனால் 33 டிகிரி ரூமில் 86 என்றால் மே மாதம் 36 ஆகும்போது 89 ஆகிவிடுமே? ரூம் எவ்வளவு ஏறுகிறதோ சிப்பும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும்.

வடசேரி_சர்வீஸ் · ஏப்ரல் 26, மதியம் 1.15

நியாயமான கேள்வி. அதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. வாட்டைக் குறைக்கலாம்.

பயாஸில் ஏஎம்டி ஓவர்க்ளாக்கிங் பகுதிக்குள் மின் வரம்புகளை மாற்றும் 'பிபிஓ' இருக்கும். அதை மேனுவலுக்கு மாற்றி பிபிடி (வாட் வரம்பு) 88, டிடிசி 60, இடிசி 90 (இவை இரண்டும் ஆம்பியர் வரம்பு) என்று கொடுங்கள். 65 வாட் ரைசன்களுக்கு ஏஎம்டி வைத்திருக்கும் அதே அளவுகள்தான் இவை. சில போர்டில் மில்லிவாட்டில் கேட்கும், அங்கே 88000 என்று போட வேண்டும். போர்டில் 'எக்கோ மோடு' என்றே இருந்தால் இன்னும் எளிது. உங்கள் பி450 போர்டுக்கும் இது நல்லது. சிப்புக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதியில் மலிவான போர்டுகளுக்கு ஹீட்சிங்க்கூட இருக்காது, 142 வாட்டை மணிக்கணக்கில் கொடுத்தால் அதுவும் தவிக்கும்.

அருமனை_ரப்பர் · ஏப்ரல் 26, மாலை 4.45

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். தம்பி மகன் போன மாதம் ஐ5-லிருந்து ஐ7-13700-க்கு மாறினான், போர்டு அதே. அவனுக்கும் 100 டிகிரி. அதற்கும் இதே கதையா?

வடசேரி_சர்வீஸ் · ஏப்ரல் 26, மாலை 5.20

இருக்கலாம், ஆனால் அங்கே முதலில் பார்க்க வேண்டியது போர்டு. 13700-க்கு இன்டெல் சொல்லும் அடிப்படை 65 வாட், டர்போ உச்சம் 219 வாட். பல போர்டுகள் அந்த வரம்பைத் தூக்கிவிட்டு 4095 வாட் என்று வைத்திருக்கும், அதாவது வரம்பே இல்லை. பயாஸில் இன்டெல்லின் சொந்த அளவுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

அதோடு பயாஸை இன்றைக்கே புதுப்பிக்கச் சொல்லுங்கள், இது சூட்டைவிட முக்கியம். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் நிரந்தரமாகக் கெடுகின்றன என்று இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோட் (சிப்புக்குள் இயங்கும் மென்பொருள்) திருத்தங்கள் வந்தன, அவை பயாஸ் வழியாகத்தான் வரும். ஏற்கெனவே கெட்ட சிப்பை அது சரியாக்காது. சாயங்காலம் இடி இறங்கும் நேரத்தில் வேண்டாம், யூபிஎஸ் இல்லாமலும் வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் போர்டு போய்விடும். புதுப்பித்த பிறகு ஃபேன் அமைப்பெல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும், அதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

குளச்சல்_கடற்கரை · ஏப்ரல் 26, இரவு 7.30

டார்ச் அடித்துப் பார்த்தேன் அண்ணே. ஹீட்சிங்கில் கடல் பார்த்த பக்கத்துத் தகடுகளின் ஓரம் முழுவதும் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் சொரசொரவென்று உப்புக் கல் மாதிரி உதிர்கிறது. மறுபக்கம் இன்னும் பளபளப்பாகவே இருக்கிறது. கேஸ் ஸ்க்ரூ இரண்டு துருப்பிடித்துத் தலை கழன்றுவிட்டது. ஜன்னலிலிருந்து கடல் முந்நூறு அடிகூட இருக்காது. தண்ணீர் விட்டுக் கழுவலாமா?

வடசேரி_சர்வீஸ் · ஏப்ரல் 26, இரவு 8.00

ஃபேனை எடுத்துவிட்டு ஹீட்சிங்கை மட்டும் தனியாகக் கழற்றினால் தண்ணீரில் அலசலாம், ஒரு நாள் முழுக்க உலர வேண்டும். போர்டில் இருக்கும்போது ஒரு சொட்டும் படக்கூடாது, பெயிண்ட் பிரஷ்ஷும் ஆல்கஹாலும்தான். அலுமினியம் உப்புக் காற்றில் அரித்துப் பூப்பதுதான் அந்த வெள்ளை. ரொம்ப முற்றாமல் இருந்தால் சூட்டில் பெரிய வித்தியாசம் வராது. எனக்குப் பயம் ஹீட்சிங்கைப் பற்றி இல்லை, ரேம் பின்னும் போர்டின் சாலிடரும். தகடை மூடுங்கள். பெட்டியை ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் பக்கம் மாற்றுங்கள். முன் ஃபேனுக்குக் கொசுவலை மாதிரி மெல்லிய வலை கட்டி மாதம் ஒருமுறை உதறுங்கள். தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள், சூடு இருந்தால் ஈரம் தங்காது.

தக்கலை_எடிட்டர் · ஏப்ரல் 27, இரவு 11.50

88 வாட் வைத்து இன்று முழுக்க வேலை செய்தேன். ரூம் 34. சினிபெஞ்சில் 67 டிகிரிக்கு மேல் போகவில்லை, மதிப்பெண் 13,600. அதாவது சாய்ந்த கூலரோடு 90 டிகிரியில் இரைந்துகொண்டு கிடைத்ததைவிட இது அதிகம்.

வேலையில் பார்த்தால், மார்த்தாண்டத்து கல்யாணம் ஒன்று, இரண்டு மணி நேர வீடியோ. 142 வாட்டில் 46 நிமிடம் எடுத்த எக்ஸ்போர்ட், 88 வாட்டில் 50 நிமிடம். நாலு நிமிடத்துக்காக நான் அந்தச் சத்தத்தைக் கேட்கத் தயாராக இல்லை, இப்படியே வைத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் அண்ணே. சும்மா இருக்கும்போது இப்போது 44. ஆனால் பிரவுசர் திறந்தால் ஒரு நொடி 60 தொட்டுவிட்டு இறங்குகிறது, ஃபேனும் கூடவே ஏறி இறங்குகிறது.

வடசேரி_சர்வீஸ் · ஏப்ரல் 28, காலை 6.40

அது இந்தச் சிப்பின் சுபாவம். ஒரு கோருக்குச் சின்ன வேலை வந்தாலும் 4.7 கிகாஹெர்ட்ஸுக்கு மேலேயே தாவி, முடித்துவிட்டு இறங்கும். அந்த ஒரு நொடிச் சூட்டுக்கு ஃபேன் ஓட வேண்டியதில்லை. பயாஸில் ஃபேன் பகுதியில் 'ஸ்டெப் அப்' என்றோ 'ஸ்மூத்திங்' என்றோ தாமதம் வைக்கும் இடம் இருக்கும், இருப்பதிலேயே கூடுதல் நொடியைக் கொடுங்கள். 60 டிகிரி வரை ஃபேன் ஒரே வேகத்தில் போகட்டும்.

தகரக் கூரைக்கு அடியில் தென்னை ஓலைத் தட்டி கட்டினால் ரூமும் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், உங்களுக்கும் சேர்த்து.

தக்கலை_எடிட்டர் · ஏப்ரல் 28, இரவு 10.20

தாமதம் வைத்துவிட்டேன், ஃபேன் அடங்கிவிட்டது. ஓலைக்கு நாளை ஆள் வருகிறார். இப்போது ஒரு எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, 66 டிகிரி. நான் தூங்கப் போகிறேன் அண்ணே.